கழுத்து மறக்கவில்லை

போன செவ்வாய்க்கிழமை காலை ஷிஃப்டில் இருந்தேன். சிங்கவரத்திலிருந்து சைக்கிளில் வந்த கஸ்தூரியின் தம்பி வாசலிலேயே நின்றுவிட்டார். "அக்கா செத்துப்பூட்ச்சுங்க. ஃபிட்ஸ் வந்துச்சு, நிக்கவே இல்ல" என்றார். செஞ்சி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அவளோடு வேலை பார்த்த எங்கள் எல்லோருக்கும் அவளுடைய வலிப்பு தெரியும். அது எதனால் வந்தது என்பதை முழுதும் பார்த்தவள் நான். அவள் குடியிருந்த வீட்டின் அடுத்த போர்ஷனில்தான் நானும் இருந்தேன்.

சொந்தமாக ஒரு காணி நிலமும் இல்லாத குடும்பத்தில் முதல் அரசு உத்தியோகம் அவளுடையது. செஞ்சியின் எல்லா நம்பரும் அவள் தலைக்குள் இருந்தன. "புக்கைப் பாத்து நம்பர் குடுக்கறதுக்கு நான் எதுக்குக்கா?" என்பாள். நாள் முழுதும் முகம் தெரியாத ஆண்களோடு பேசும் வேலை என்பதுதான் அவள் கணவனுக்குப் பொறுக்கவில்லை. "இன்னிக்கு எவன்கிட்டடி சிரிச்ச?" என்று சுவருக்கு அப்பால் கேட்கும். அடுத்து அடி விழும் சத்தம். மறுநாள் வீங்கிய உதட்டோடு வந்து, "வாசல் நெலையில இடிச்சுக்கினேன்" என்பாள்.

ஓர் அமாவாசை மதியம், தெருவே மேல்மலையனூர் கோயிலுக்கு பஸ் ஏறிப் போயிருந்தது. அவள் வீட்டுச் சுவரைக் கால்கள் உதைக்கும் சத்தம் கேட்டது. பிறகு உதை மெலிந்தது. உலக்கையால் தாழ்ப்பாளைப் பெயர்த்துக்கொண்டு உள்ளே போனேன். அவள் கணவன் துண்டை அவள் கழுத்தில் சுற்றி, முதுகில் முழங்காலை ஊன்றி இழுத்துக்கொண்டிருந்தான். அவள் முகம் கருநீலமாக இருந்தது. அவன் தோளில் அடித்தேன். எலும்பு முறியும் சத்தம் கேட்டும் இன்னொரு முறை அடித்தேன். அவன் விழுந்தான். அவள் நெஞ்சு மறுபடி ஏறி இறங்க வெகுநேரம் ஆயிற்று.

பிழைத்தாள். வலிப்பு அன்றிலிருந்துதான். ஆனால் புதிதாக நடந்தது எதுவும் ஐந்து நிமிஷத்துக்கு மேல் அவளிடம் நிற்கவில்லை. அந்த மதியமும், அதற்கு முந்தைய இரண்டு வருஷமும்கூடப் போயிருந்தன. பாண்டிச்சேரி டாக்டர் எனக்குப் பொறுமையாகச் சொன்னார்: "மூளையில ரெண்டு பக்கமும், காதுக்கு உள்ளாற, கடல்குதிரை மாதிரி வளைஞ்சு ஒரு பாகம் இருக்குதும்மா. ஹிப்போகாம்பஸ்னு பேரு. அதுல ஒரு பகுதி இன்னைக்கு நடந்ததை நேத்து நடந்ததோட கலக்காம பிரிச்சு வைக்கும். இன்னொரு பகுதி, சின்ன துப்பு கெடைச்சா முழுசையும் இழுத்துக்கிட்டு வரும். அதெல்லாம் வெளியே வர்ற வழியில இருக்கற செல்லுங்கதான் மூச்சு நின்னா மொதல்ல சாகும். பழைய நம்பருங்க வேற எடத்துல ஊறிப்போச்சு, அதனால தப்பிச்சுது." பயம் எங்கே இருக்கும் என்று கேட்டேன். "அது வேற எடம். பக்கத்துலயே இருக்குது. அடிபட்ட மாதிரி தெரியல" என்றார்.

அதன் அர்த்தம் சில மாதம் கழித்துப் புரிந்தது. பழைய நம்பர்கள் தலையில் இருந்ததால் அவள் வேலைக்குத் திரும்பியிருந்தாள். ஜாமீனில் வந்த அவன் நேரே எக்ஸ்சேஞ்சுக்கு வந்தான். கஸ்தூரிக்கு நினைவிருந்தது புதுமாப்பிள்ளையாக இருந்தவனைத்தான்.

"வந்துட்டீங்களா? இருங்க, டூட்டி முடிஞ்சிடுச்சு" என்று சிரித்தபடி பையை எடுத்தாள்.

"போவாதடி, உன்னைக் கொல்லப் பாத்தவன்!" என்று கத்தினேன்.

"இன்னாக்கா சொல்றீங்க? இவரா?"

அவன் அவள் தோளில் கை வைத்தான். விரல் கழுத்தில் பட்டதுதான் தாமதம், மேஜைமேல் இருந்த கனத்த ரிசீவரை எடுத்து அவன் வாயில் அடித்தாள். பல் தெறித்தது. அவன் தரையில் விழுந்த பிறகும் அடித்தாள். நாங்கள் நான்கு பேர் சேர்ந்துதான் அவளை இழுக்க முடிந்தது. தண்ணீர் குடித்து உட்கார்ந்தவள், தன் புடவையைப் பார்த்துக் கேட்டாள்: "யாரு ரத்தங்க்கா இது?"

கோர்ட்டில் அவனுடைய வக்கீல், கழுத்தை நெரித்தது யார் என்று கேட்டார். அவன் பெயரைச் சொல்லும்படி வாசல் வரை சொல்லிக் கொடுத்திருந்தோம். "தெரியாதுங்க. தெரியாதத எப்படிச் சொல்றது?" என்றாள். என் சாட்சியத்தால்தான் அவன் சிறைக்குப் போனான். ஊர் என்னைத் தைரியசாலி என்றது.

அந்தப் பெயருக்கு நான் உரியவள் அல்ல. மாதக்கணக்காக அவள் அடிவாங்கியபோதெல்லாம் நான் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டி வைத்தவள். அதை அவளிடம் மூன்று முறை சொன்னேன். இரண்டு முறை என் கையைப் பிடித்துக்கொண்டு, "வுடுங்கக்கா, பயந்திருப்பீங்க" என்றாள். சொன்னதை உடனே மறந்தும் போனாள். மூன்றாம் முறை என்னையே பார்த்துக்கொண்டிருந்தவள் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். "கேட்டுக்கினே இருந்தியா?" என்றாள். அவள் என்னை ஒருமையில் பேசியது அந்த ஒருமுறைதான்.

மன்னித்ததும் அறைந்ததும் அவளிடம் தங்கவில்லை. அந்த மன்னிப்பை எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அறையை வைத்துக்கொண்டிருக்கிறேன். இப்போதெல்லாம் எந்த வீட்டில் பெண் குரல் அலறினாலும் எழுந்து போய்க் கதவைத் தட்டுகிறேன்.