என்னை வாயாடி என்றவள்

எனக்குத் திக்குவாய். இதை எழுத்தில் சொல்வது சுலபமாக இருக்கிறது. வாயால் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லவேண்டிய அவசியமும் வந்ததில்லை. கேட்பவர்களுக்கு முதல் வார்த்தையிலேயே தெரிந்துவிடும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அத்தாவுக்குக் குடையும் பாயும் டிரங்குப் பெட்டியும் விற்கிற கடை. நான் மூத்த மகன். கடையில் நின்றேன் என்றால், விலை கேட்டவர்கள் நான் ஒரு எழுத்தில் மாட்டிக்கொண்டு தவிப்பதைப் பார்த்து, இரக்கப்பட்டு, பேரம் பேசாமல் வாங்கிப் போவார்கள். அத்தாவுக்கு அந்த வியாபாரம் பிடிக்கவில்லை. "இவன் எழுத்து அம்புட்டு அழகா இருக்கு. எழுதுற வேலையாப் பாப்போம்" என்றார். அப்படித்தான் கம்ப்யூட்டர் படித்து, ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். வெளிநாட்டுக்காரர்களுக்குக் கடிதம் எழுதுவது என் வேலை.

மாலையில் பஸ்ஸில் திரும்பும்போது கண்டக்டரிடம் ஊர்ப் பெயரைச் சொல்ல வேண்டும். 'ஸ்ரீ' எனக்கு வராது. 'ம' வரும். அதனால் ஊருக்கு முந்தின நிறுத்தமான மடவார் வளாகம் என்று டிக்கெட் எடுத்து, அங்கே இறங்கி, மிச்சத்தை நடப்பேன். நடந்தால் உடம்புக்கு நல்லது என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் அந்த அலுவலகத்துக்கு இன்டர்நெட் வந்தது. மதியம் ஒன்றரை மணிக்கு முதலாளி சாப்பிடப் போனால் வருவதற்கு ஒரு மணி நேரமாகும். அந்த நேரத்தில் நான் டிபன் டப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பேன். ஏதோ ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியில் அந்த உலகம் இருந்தது.

அது ஒரு ஊர். நடுவில் நீரூற்று, சுற்றிலும் தெருக்கள், படிக்கட்டுகள், ஒரு குளம், குளத்தங்கரையில் பெஞ்சு. எல்லாம் கம்ப்யூட்டரில் வரைந்தவை. உள்ளே போகுமுன் ஒரு உடம்பைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். பூனை, ரோபோ, ராணி, எலும்புக்கூடு என்று வரிசையாக இருந்ததில் நான் நீலக் கோட்டுப் போட்ட உயரமான ஆளை எடுத்தேன். உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ வந்தவர்கள் அந்தத் தெருக்களில் நடமாடினார்கள். நாம் தட்டியது நம் தலைக்கு மேல் ஒரு வெள்ளைக் கட்டத்தில் தோன்றும். அங்கே பேச்சு என்பது அதுதான்.

முதல் வாரம் நான் நடந்துகொண்டு மட்டும் இருந்தேன். எதிரே வந்தவர்கள் ஹலோ சொன்னார்கள். நானும் சொன்னேன், உடனே. எனக்கே நம்ப முடியவில்லை. ஹலோ என்ற சொல்லுக்கு நான் ஒருபோதும் உடனே பதில் சொன்னவனில்லை.

குளத்தங்கரையில் ஒரு மஞ்சள் மீன் காற்றில் நீந்திக்கொண்டிருந்தது. யாரோ அதனிடம் ஊரைக் கேட்டபோது, மலேசியா, தமிழ் என்று பதில் வந்தது. நான் இங்கிலீஷ் எழுத்திலேயே தமிழை அடித்தேன்.

"ஏன் மீன்? தண்ணிக்குள்ள போகாம ஏன் கரையில?"

"பொண்ணு உருவம் எடுத்தா இங்க நிம்மதியா நிக்க விடமாட்டாங்க. மீன்கிட்ட யாரும் வயசு கேக்கறதில்ல" என்றது மீன்.

அவள் பினாங்கில் ஒரு பல் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் இருந்தாள். எனக்கு ஒன்றரை என்றால் அவளுக்கு மாலை நான்கு. அந்த நேரத்தில் நோயாளிகள் குறைவு. அன்றிலிருந்து பெஞ்சில் நீலக் கோட்டு உட்காரும், பக்கத்தில் மீன் மிதக்கும்.

நான் பேசினேன். இருபத்தாறு வருடம் சேர்த்து வைத்ததையெல்லாம் பேசினேன். முதலாளி தும்மினால் அடுத்த கட்டடத்தில் நாய் குலைப்பதை, மழைக்காலத்தில் அத்தா கடையில் குடை தீர்ந்துபோனதும் எங்கள் வீட்டுக் குடைகளையும் எடுத்து விற்றுவிட்டதை, ஜன்னலுக்கு வெளியே மலை ஒரு நாள் பக்கத்திலும் ஒரு நாள் தூரத்திலும் தெரிவதை. அவள் பதில் எழுதுமுன் நான் அடுத்ததை எழுதிவிடுவேன்.

ஒரு நாள் மீனின் தலைக்கு மேல், அவள் ஊர் 'லா'வோடு வந்தது: "நீங்க பெரிய வாயாடி லா."

அன்று பஸ்ஸில் நான் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். "என்னய்யா, டிக்கெட் எங்கன்னு சொல்லாம சிரிச்சா எப்படி?" என்று கண்டக்டர் கேட்டார். கண்டக்டருக்குத் தெரியாது, அவர் முன்னால் நிற்பது ஒரு வாயாடி என்று.

நான்கு மாதம் அப்படிப் போனது. ஒரு நாள் அவள், "உங்க குரல் எப்படி இருக்கும்? வேகமா பேசுவீங்கன்னு நெனச்சிருக்கேன்" என்றாள். கிளினிக் நம்பரைத் தந்து, வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குத் தான் மட்டும்தான் இருப்பதாகச் சொன்னாள்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். "சரி, பேசறேன்" என்று எழுதினேன்.

எனக்கு வராத எழுத்துகளையெல்லாம் விலக்கி ஒரு வாக்கியம் தயார் செய்தேன். மடவார் வளாகத்திலிருந்து வீட்டுக்கு நடக்கும்போது தினமும் அதைச் சொல்லிப் பார்த்தேன். தனியாக இருக்கும்போது எனக்குத் திக்காது. அழகாக வந்தது. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து நேராக ஐ.எஸ்.டி. டெலிபோன் பூத்துக்குப் போனேன். கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு நம்பரைச் சுற்றினேன்.

"ஹலோ" என்றாள். நான் நினைத்ததைவிடக் கனத்த குரல்.

என் தாடை பூட்டிக்கொண்டது. வாய் திறந்திருந்தது, காற்றுகூட வெளியே வரவில்லை. அவள் இன்னொரு முறை ஹலோ என்றாள். பிறகு கொஞ்சம் தாழ்ந்து, "நீங்கதானே?" என்றாள்.

போனை வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் வைக்கவில்லை. "வெக்கமா? சரி, நானே பேசறேன். இங்க மழை. ஜன்னல் கண்ணாடில தண்ணி வழியுது, ரோட்டுல யாருமே இல்ல. நீங்க இந்த மேசைக்குப் பக்கத்துல உக்காந்திருந்தா நல்லா இருக்கும்னு இப்பதான் நெனச்சேன். உடனே போன் அடிச்சுது." மழைச் சத்தம் எனக்குக் கேட்டது. நான் போனை வைத்துவிட்டேன்.

"லைன் சரியில்லையா?" என்றார் பூத்துக்காரர். "செத்த நேரம் உக்காருங்க. பொறவு போட்டுப் பாப்போம்." தலையை ஆட்டிவிட்டு, பில் பணத்தைக் கொடுத்து வெளியே வந்தேன்.

திங்கட்கிழமை மீன் முதல் ஆளாக இருந்தது. "நீங்கதானே கூப்பிட்டது?"

"இல்லையே. லைன் கிடைக்கவே இல்லை" என்று எழுதினேன். எழுத்தில் எனக்கு எதுவுமே திக்காது, பொய்யும்.

மீன் குளத்துப் பக்கம் திரும்பிக்கொண்டது. வேலை இருக்கிறது என்று சொல்லி மறைந்தது. அடுத்த மூன்று நாளும் வரவில்லை. சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு அந்தப் பெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை வந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அன்று லைன் மிகவும் மோசம். ஒவ்வொரு கட்டமாக, நடுநடுவே நின்று நின்று போனது. 'எனக்கு' என்று ஒன்று, 'சின்ன வயசிலிருந்து' என்று ஒன்று. அவள் குறுக்கிடாமல் கடைசிவரை இருந்தாள்.

"பேசாததுக்குக் கோவம் இல்ல" என்று எழுதினாள். "ஏன் இல்லேன்னு சொன்னீங்க? நான் சொன்னதை எவனோ தெரியாத ஆள் கேட்டுட்டான்னு நாலு நாள் கூசிப் போயிருந்தேன். போன் அடிச்சா எடுக்கவே பயந்தேன்."

இப்படி ஒன்றை நான் யோசித்தே பார்க்கவில்லை. என் வாயைப் பற்றித்தான் அந்த நாலு நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். மன்னிப்புக் கேட்டேன். சரி என்றாள். அதன் பிறகும் வந்தாள், பேசினாள், சிரித்தாள். ஆனால் மழை, ஜன்னல், பக்கத்தில் உட்கார்வது என்று எதையும் எழுதவில்லை. வாரத்துக்கு இரண்டு நாள், பிறகு ஒரு நாள்.

கடைசியாக வந்த அன்று, கிளினிக்கை வேறு கட்டடத்துக்கு மாற்றுகிறார்கள், அங்கே தனக்குக் கம்ப்யூட்டர் இருக்காது என்றாள். "ஒரு தடவை கூப்பிடுங்க. எம்புட்டு நேரமானாலும் இருக்கேன்." எம்புட்டு என்பது என்னிடமிருந்து அவள் எடுத்துக்கொண்ட சொல்.

அடுத்த வெள்ளிக்கிழமை அதே பூத்திலிருந்து கூப்பிட்டேன். மணி அடித்தது. எடுத்தது வேறு பெண். மலாயில் ஏதோ கேட்டாள். எனக்கு வாய் பூட்டிக்கொண்டது. இரண்டு நொடிகூட அவள் காத்திருக்கவில்லை. அடுத்த வாரம் மறுபடி போட்டபோது அந்த எண் உபயோகத்தில் இல்லை என்ற அறிவிப்பு வந்தது.

பிறகு எனக்குக் கல்யாணம் நடந்தது. மனைவி பொறுமைக்காரி. அவளிடம் எனக்கு இப்போது பாதிக்கு மேல் தடையில்லாமல் வருகிறது. கம்ப்யூட்டரில் இருந்த அந்த ஊரை அதை நடத்தியவர்கள் மூடிவிட்டார்கள். சிடி எங்கேயோ போய்விட்டது. பினாங்குக்காரியின் முகம் எனக்குத் தெரியாது. மழையில் வந்த அந்தக் கனத்த குரல் மட்டும் தெரியும். என்னுடையதை அவள் ஒருமுறையாவது கேட்டிருக்கலாம், திக்கினாலும் பரவாயில்லை என்று இப்போது தோன்றுகிறது.