தங்கச்சியின் வீக்கம்

எங்கள் வீட்டில் சோற்றுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. அப்பாவுக்குப் புதுவயல் அரிசி ஆலையில் வேலை. நொய்யாவது வந்துகொண்டே இருக்கும். அதனால்தான், அறுபதுகளின் கடைசியில் என் மூன்று வயதுத் தங்கச்சி உப்பத் தொடங்கியபோது, அது சத்தில்லாத வீக்கம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

தம்பி பிறந்ததும் அவளுக்குத் தாய்ப்பால் நின்றது. அடுத்து மணல்வாரி அம்மை. ஆத்தா வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்று பருப்பு, முட்டை, மீன் எல்லாம் நின்றன. தலைக்குத் தண்ணீர் ஊற்றி, அம்மை இறங்கிய பிறகும் அம்மாவுக்குப் பயம் போகவில்லை. மாதக்கணக்கில் வெறும் நொய்க்கஞ்சிதான். உப்பிய கன்னத்தைப் பார்த்து, "மில்லுக் கஞ்சி நல்லாப் பூசிருச்சே!" என்று தெருவே மெச்சியது. அவளோ சிரிக்கவில்லை, சரியாக அழக்கூட இல்லை. போட்ட இடத்தில் கிடந்தாள்.

காரைக்குடி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவள் பாதத்தை விரலால் அழுத்தினார். விழுந்த குழி அப்படியே நின்றது.

"வீட்டுல சாப்பாட்டுக்குச் சிரமமா?"

அம்மாவுக்குச் சுருக்கென்றது. "வேளாவேளைக்குக் கஞ்சி குடுக்குறேன் டாக்டரம்மா. என்ன இப்புடிக் கேக்குறீக?"

"வெறும் கஞ்சிதானே? ஆப்பிரிக்காவுல கிழங்கும் சோளமும் மட்டும் தின்னுற பிள்ளைகளுக்கும் இதே வீக்கம்தான். அடுத்த பிள்ளை வந்து, பால் மறந்த பிள்ளைகளைத்தான் அங்கயும் பிடிக்குது. பருப்பும் முட்டையும் குடுங்க. இல்லாட்டி இவ தங்கமாட்டா."

கடலுக்கு அந்தப் பக்கமும் என் தங்கச்சியைப் போலப் பிள்ளைகள் கிடக்கிறார்கள் என்று அன்றுதான் கேள்விப்பட்டேன். அவர்களுடைய அம்மாக்களும் வயிறு நிறையத்தான் ஊட்டியிருப்பார்கள்.

வரும் வழியில் மாரியம்மன் கோயில் வாசலில் நின்று அம்மா சத்தமாகவே சொன்னாள்: "தாயே, பிள்ளைக்கு முட்டை குடுக்கப்போறேன். கோவம்னா என் மேல காட்டு."

வீக்கம் வற்றியதும் எலும்புதான் தெரிந்தது. "நல்லா இருந்த பிள்ளைய டாக்டரு இளைக்க வச்சுட்டாக" என்று தெரு திட்டியது. அம்மா ஆடிப்போனாள்; ஆனாலும் பருப்பை நிறுத்தவில்லை. அந்தப் பிடிவாதத்தையும் டாக்டரம்மாவையும் நினைத்தால் இன்றும் கும்பிடத் தோன்றுகிறது.

ஒரு மத்தியானம் நான் அவித்த கடலை தின்றுகொண்டிருந்தேன். தங்கச்சி நகர்ந்து வந்து பிடுங்கப் பார்த்தாள். நான் கையை மூடிக்கொண்டேன். நறுக்கென்று கடித்துவிட்டாள். நான் அலறிய அலறலில் அம்மா ஓடிவந்தாள். பல் பதிந்த என் கையையும், வாய் நிறையக் கடலையோடு என்னை முறைத்துக்கொண்டிருந்த அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கடிக்கட்டும்டீ, நல்லாக் கடிக்கட்டும்" என்று அழுதுகொண்டே, இன்னொரு கைப்பிடிக் கடலையை அள்ளித் தங்கச்சி மடியில் போட்டாள்.