வாயை மறைத்த கை

கோகிலவாணி யாரிடமாவது மரியாதையாகப் பேச வேண்டி வந்தால், அவளுடைய வலது கை தானாக மேலே போய் வாயை மூடிக்கொள்ளும். அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த பதினாலு வருஷமாக அண்ணி பச்சையம்மா இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வாத்தியார் வந்தாலும் சரி, ரேஷன் கடைக்காரர் வந்தாலும் சரி, சொல்லுக்கு முன்னால் கை வந்துவிடும். பச்சையம்மாவுக்கும் அந்தப் பழக்கம் உண்டு. ஆனால் ஆறாம் வகுப்போடு நின்றுபோன பச்சையம்மாவை யாரும் இன்டர்வியூ எடுக்கப் போவதில்லை.

நாத்தனார் அப்படியில்லை. மலைமேல் இருக்கும் ஊரிலிருந்து இறங்கி நர்சிங் படித்தாள். வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் ஐந்து வருஷம் வேலை பார்த்தாள். கொரோனா காலத்தில் எல்லோரும் மாஸ்க்கைத் திட்டியபோது கோகிலா மட்டும் ஆசையாகப் போட்டுக்கொண்டாள். கைக்கு லீவு கிடைத்துவிட்டது என்று அவளுடைய அண்ணன் லட்சுமணன் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தான்.

பிறகுதான் ஜெர்மனித் திட்டம் வந்தது. படிப்பும் அனுபவமும் உள்ள நர்சுகளை அந்த நாட்டுக்காரர்களே விசா கொடுத்து அழைத்துக்கொள்கிறார்கள். அவர்கள் மொழி மட்டும் தெரிந்திருக்க வேண்டும். கோகிலா சென்னையில் தங்கி ஜெர்மன் படித்தாள், பரீட்சையிலும் தேறினாள். எதிரே உட்கார்ந்து பரீட்சை வைத்தவருக்குக் கை மறைவிலும் அவள் குரல் கேட்டது. கம்ப்யூட்டருக்குக் கேட்கவில்லை.

ஜெர்மன் ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸம்மா வீடியோவில் வந்து கேள்வி கேட்டார். மூன்று முறை கையை எடுக்கச் சொன்னார். கோகிலா எடுத்தாள், அடுத்த கேள்விக்கு அது மறுபடியும் மேலே போனது. கடைசியில் பல்வலியா என்று கேட்டுவிட்டார். இரண்டு நாள் கழித்து மெயில் வந்தது. மொழி நன்றாக இருக்கிறது, ஆனால் நோயாளிகளுக்குப் புரியும்படி பேசுவாளா என்று சந்தேகம். பத்து நாள் கழித்து இன்னொரு முறை பேசலாம். அதுவும் சரிப்படாவிட்டால் அந்த இடம் வேறொருத்திக்கு.

கோகிலா மூட்டை முடிச்சோடு வீட்டுக்கு வந்துவிட்டாள். சாப்பாடு இறங்கவில்லை.

“ரெண்டு கையையும் பின்னால கட்டி உக்கார வெச்சிடலாம்,” என்றான் லட்சுமணன்.

“போலீஸ் ஸ்டேஷன்ல இருந்து பேசறேன்னு நெனச்சுக்குவாங்க. நீ போய் ஜீப்ப ஓட்டுண்ணா.”

அது மாசி மாதம். வாசலில் புளி மலையாகக் குவிந்து கிடந்தது. அண்ணியும் நாத்தனாரும் எதிரெதிரே உட்கார்ந்து ஓடு உடைத்து நார் உரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்துக் கோகிலாவின் பழைய வாத்தியார் அந்த வழியாக வந்து நின்றார். எப்போது பயணம், எந்த ஊர், எவ்வளவு குளிர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கோகிலா எல்லாவற்றுக்கும் கணீரென்று பதில் சொன்னாள். இரண்டு கையிலும் புளி. கை மேலே போகவே இல்லை. கோகிலாவுக்கு அது தெரியவில்லை. பச்சையம்மா பார்த்துவிட்டாள். சொன்னால் சிரிப்பார்கள் என்று மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டாள்.

ஊரில் சிக்னல் நிற்காது. அதனால் இரண்டாவது இன்டர்வியூவுக்கு மலையடிவாரத்துச் சந்தவாசலில் சுரேஷின் கம்ப்யூட்டர் கடையைப் பேசி வைத்திருந்தார்கள். அன்று காலை ஜீப்பில் பச்சையம்மாவும் ஒரு மஞ்சள் பையோடு ஏறிக்கொண்டாள். எதற்கு என்று லட்சுமணன் கேட்டதற்குச் சும்மாதான் என்றாள். கடையில் கேமரா போடுவதற்குக் கொஞ்சம் முன்னால் அந்தப் பையைக் கோகிலாவின் மடியில் வைத்தாள்.

“இன்னா அண்ணி இது?”

“புளி. மேசைக்குக் கீழ உரிச்சுக்கினே பேசு. கைய நிறுத்தாத. ஓடு செதறுனா நான் பெருக்கிக்கிறேன்.”

சுரேஷ் அண்ணியையும் பார்த்தான், தன் கடைத் தரையையும் பார்த்தான்.

பச்சையம்மா மூலையில் ஒண்டிக்கொண்டாள். பேச்சு ஒன்றும் புரியவில்லை. கோகிலாவின் முகம் முழுசாகத் தெரிவது மட்டும் தெரிந்தது. கால் மணி நேரம் குரல் தடங்கலில்லாமல் ஓடியது. அப்புறம் ஒரு முற்றிய பழத்தின் ஓடு ‘மொறுக்’கென்று உடைந்தது. திரையில் தலைமை நர்ஸம்மா பேச்சை நிறுத்தி, ஏதோ கேட்டார். கோகிலா உரிப்பதை நிறுத்திவிட்டாள். நம்மால் பிழைப்பு கெட்டது என்றே பச்சையம்மா நினைத்துவிட்டாள்.

கோகிலா மெதுவாகப் புளியைத் தூக்கிக் கேமராவுக்கு முன்னால் காட்டினாள். ஓட்டை நீக்கினாள், நாரை இழுத்தாள், கொட்டையைப் பிதுக்கினாள், பேசிக்கொண்டே இருந்தாள். அந்தம்மா திரைக்கு அருகே வந்து பார்த்தார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார்.

மலையேறும்போது ஜீப்பில்தான் கோகிலா சொன்னாள். “கை சும்மா இருந்தா வாய மூடிக்குது, வேலையா இருந்தா பேச்சு வருதுன்னு உள்ளதச் சொல்லிட்டேன் அண்ணி.”

“அதுக்கு அந்தம்மா இன்னா சொன்னாங்க?”

“எங்க வார்டுல உன் கை ஒரு நிமிஷம்கூட சும்மா இருக்காதுன்னாங்க.”

அடுத்த வளைவில் எதிரே வண்டியே இல்லை. லட்சுமணன் இரண்டு தடவை ஹாரன் அடித்தான்.

இப்போது கோகிலவாணி எர்ஃபுர்ட் என்ற ஜெர்மன் ஊரில் எட்டு மாதமாக நர்சாக இருக்கிறாள். தலைமை நர்ஸம்மா ரசம் குடிக்கப் பழகிவிட்டார். அதற்குப் புளி இங்கிருந்துதான் போகிறது. பச்சையம்மா ரேஷன் கடைக்காரரிடம் இன்னமும் வாயை மூடிக்கொண்டுதான் பேசுகிறாள்.