டில்லிக்குச் சொன்ன சேதி

எண்பதுகளின் கடைசியில், அரசாங்கமும் எங்கள் கம்பெனியும் சேர்ந்து அமைத்த ரகசியச் செயற்கைக்கோள் தொடர்புக்காக, திண்டிவனத்தில் ஒரு அரசு அலுவலகத்தின் பின்புறம் டிஷ் பொருத்தப் போயிருந்தேன். அங்கே காவலுக்கு இருந்தவர் மரக்காணம் பக்கத்துக் குப்பத்துக்காரர். உப்புக் காற்றில் கறுத்த முகம், கழுத்துவரை பொத்தான் போட்ட காக்கிச் சட்டை.

"இதுக்குப் பக்கத்துல பேசினா டில்லிக்கே கேக்கும்" என்று முதல் நாள் விளையாட்டாகச் சொல்லிவைத்தேன். அன்றிலிருந்து அவர் இருமல் வந்தால்கூடத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு தள்ளிப்போய்த்தான் இருமுவார்.

வேலை முடிந்த நாள் காலையில், அவர் டிஷ் முன்னால் கைகட்டி நின்று பேசிக்கொண்டிருந்தார்.

"ரேடியோல சொல்றதுக்குள்ள எங்க ஆளுங்க கடலுக்குப் போயிடறாங்க ஐயா. போன புயல்ல போன என் தம்பி வரவே இல்லீங்க. இனிமே முன்னாடியே சொல்லிடுங்க."

என்னைப் பார்த்ததும் கூச்சத்தோடு கேட்டார்: "கேட்டிருக்குங்களா சார்?"

உண்மையைச் சொல்ல மனம் வரவில்லை. "கேட்டிருக்கும்" என்றேன்.

"அப்ப இனிமே முன்னாடியே சொல்லிடுவாங்கன்னு குப்பத்துல சொல்லிட்டு வந்துடறேங்க" என்று சைக்கிளை எடுத்தார்.

ஒவ்வொரு ஐப்பசியிலும் புயல் செய்தி வரும்போது, அந்தச் சைக்கிளை ஏன் நிறுத்தாமல் விட்டேன் என்றுதான் நினைத்துக்கொள்கிறேன்.