கண்ணாடிக்குப் பின்னால் ஒரு நாற்காலி

ஜெசிந்தா போய்விட்டாள் என்ற செய்தி வந்தபோது நான் மார்பக எக்ஸ்ரே அறையில் இருந்தேன். மாரடைப்பு என்று அவள் கணவர் போனில் சொன்னார். திண்டுக்கல்லில் எங்கள் ஆஸ்பத்திரியில் படம் எடுப்பது என் வேலை. கருவிகளின் கதிர்வீச்சை அளந்து சரிபார்ப்பது அவள் வேலை. அழக்கூட நேரமில்லை. மார்பில் தட்டுப்பட்ட கட்டியோடு வடமதுரையிலிருந்து வந்த செல்வி எதிரே நின்றுகொண்டிருந்தார். நான் போனில் பேசியதை, அவருக்குத் துணையாக வந்திருந்த நாத்தனார் கேட்டுவிட்டார்.

"இந்த மிசினுகிட்டயே கெடந்தா வேற என்னாகும்? வா மதினி, போவோம்."

செல்வி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

அவளுக்கு அஞ்சலி செலுத்தக் கூடியிருக்கும் உங்களில் பலருக்கு ஜெசிந்தாவின் கோபம் தெரியும். நம் பக்கத்துப் பெண்கள் இந்தப் பரிசோதனைக்குத் தனியாக வருவதில்லை. கூட வந்தவரை வெளியே அனுப்பினால், சிலர் படமே எடுக்காமல் அவர் பின்னாலேயே போய்விடுவார்கள். அப்படி ஒருத்தி போவதைப் பார்த்த ஜெசிந்தா என்மேல் எரிந்து விழுந்தாள்.

"வெளிய போ, வெளிய போன்னு வெரட்டுறியே, எங்க நின்னா எம்புட்டுப் படும்னு பாத்தியா?"

"அது ஓன் வேலதான?" என்றேன் நானும் விடாமல்.

மறுநாளே ஒரு கனத்த அக்ரிலிக் கட்டியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு வந்தாள். செம்பட்டி பஸ்ஸில் கண்டக்டர், "என்னக்கா, ஐஸ் கட்டியா?" என்று கேட்டாராம். "ஆமாப்பு, உருகாத ஐஸு" என்றாளாம். மார்பில் படும் கதிரில் ஒரு பங்கு நேரே போகாமல் நாலாபக்கமும் சிதறும். அந்தக் கட்டியும் அப்படியே சிதறடிக்கும் என்பதால் அதைக் கருவியில் வைத்தாள். மனிதர்கள் நிற்கக்கூடிய இடத்திலெல்லாம் மீட்டரை வைத்து என்னைப் பொத்தானை அழுத்தச் சொன்னாள். உறவுக்காரர்கள் எட்டிப் பார்க்கும் கண்ணாடித் தடுப்பின் ஓரத்தில் எண் ஏறியது. "இங்கன ஒருத்தரும் நிக்கக்கூடாது" என்றாள். கதிரைத் தடுக்கும் அந்த ஈயக் கண்ணாடிக்குப் பின்னால், நான் நிற்கும் இடத்தில், எண் அசையவில்லை. நிர்வாகத்தோடு மல்லுக்கட்டி அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட வைத்தாள்.

பயந்தவர்களுக்கு அவள் பாடம் எடுத்ததில்லை. மீட்டரைக் கையில் கொடுத்துவிடுவாள். "பயத்த அளக்க மீட்டரு இல்ல. கதிர அளக்க இருக்கு. இருக்கிறத வச்சு மொதல்ல அளப்போம்" என்பாள்.

அடுத்த சோதனைக்காக அவள் வைத்துவிட்டுப் போன மீட்டர் அன்று அலமாரியில் இருந்தது. அதை எடுத்து நாத்தனார் கையில் கொடுத்தேன்.

"இத வச்சிருந்தவதான் இப்பப் போயிட்டா. நெஞ்சு வலியில போயிட்டா, இதால இல்ல. செத்த நேரம் ஒக்காந்து நீங்களே பாருங்க."

குரல் உடைந்துவிட்டது. அவர் மீட்டரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, "மதினி, நா இங்கனதான் இருக்கேன். எடுத்துக்க" என்றார்.

எடுத்தேன். "அசையவே இல்லியே" என்று மெதுவாகச் சொன்னார் நாத்தனார். கட்டி பெரிதாவதற்குள் புற்றுநோய் என்று தெரிந்துவிட்டது. செல்விக்கு இப்போது சிகிச்சை நடக்கிறது.

அன்று நாத்தனார் எழுந்ததும் அதே நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். செல்வி சேலையைச் சரிசெய்துகொண்டு வந்து, என் தோளைப் பிடித்தபடி பக்கத்திலேயே நின்றார்.

ஜெசிந்தாவின் மீட்டரை அவள் வேலைக்கு அடுத்து வருபவரிடம் கொடுத்துவிடுவேன். அந்த நாற்காலியை மட்டும் யாரையும் நகர்த்த விடமாட்டேன்.