சீனி வருத்தக்காரரின் கலியாணப் பேச்சு

எங்கள் குசினியில் காலையில் முதலில் கொதிப்பது தேத்தண்ணி அல்ல, அப்பாவின் சிறுநீர். நான் பாடசாலையில் இரசாயனவியல் படிப்பித்தேன். ஆகவே அந்த உத்தியோகமும் என் தலையில் விழுந்தது. பெனடிக்ட் கரைசலில் எட்டுத் துளி விட்டுச் சூடாக்க வேண்டும். நீலம் மாறாவிட்டால் சீனியில்லை, அப்பா ராசா. செங்கட்டி நிறம் வந்தால், "உன்ர மருந்து பழசு பிள்ளை" என்பார். அவருக்கு நீரிழிவு என்கிற சீனி வருத்தம். அவருடைய தகப்பனுக்கும் சீனி வருத்தம், இரண்டு தமக்கைமாருக்கும் சீனி வருத்தம். பரம்பரை என்றால் என்னவென்று எனக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையிருக்கவில்லை.

சண்டைக்காலம். ஊரடங்குக்கு முன் வீடு திரும்பவேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் மத்தியானம் இரண்டு மணிக்கே, கொளுத்தும் வெயிலில், பாலையூற்றிலிருந்து வந்து இறங்கினார்கள். அம்மாவின் கட்டளை முதல்நாளே பிறந்துவிட்டது: "வருத்தத்தைப் பற்றி ஒருத்தரும் மூச்சு விடக்கூடாது. நீங்களும் சீனி போட்டுத்தான் குடிக்க வேணும்."

அப்பாவுக்குச் சொல்லவா வேண்டும்! தேத்தண்ணியைக் குடித்து, லட்டு இரண்டு தின்று, மூன்றாவதுக்குக் கை நீட்டினார். அவருடைய கால் விரலில் ஒரு மாதமாக ஆறாத புண். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"காணும் அப்பா! சீனி வருத்தத்தில காலைக் கழட்டுற எண்ணமோ?"

அம்மாவின் முகம் செத்துப்போனது. எனக்கு வயது முப்பத்தொன்று. முன்பு வந்த மூன்று பேச்சும் இந்த வருத்தம் தெரிந்துதான் குழம்பின. நான்காவதை நானே கெடுத்துவிட்டேன்.

அப்போது மாப்பிள்ளை, ஒரு வாயும் குடிக்காத தன் தேத்தண்ணியைத் தள்ளி வைத்தார்.

"எனக்கும் இருக்கு. ஒன்றரை வருசமாகுது. சொல்ல வேண்டாமெண்டு வீட்டில சொன்னவை." அவருடைய தாய் தலையில் கை வைத்தார். மாப்பிள்ளை என் பக்கம் திரும்பினார். "நீங்கள் படிப்பிக்கிறனீங்கள். ரெண்டு பக்கமும் இருந்தால் பிள்ளையளுக்கு என்ன?"

"வருமெண்டு நிச்சயமில்லை. ஆனா மற்றவையிலும் பார்க்க வாய்ப்புக் கூட. இரத்தத்தில சீனி கூடினால், ஒட்சிசன் உள்ளுக்குள்ள குழப்படி செய்யும். துறைமுகத்து இரும்பு மாதிரி உடம்பு உள்ளால கறள் பிடிக்கும்." இன்று அதற்கு ஒட்சியேற்ற அழுத்தம் என்று பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள், அன்று எனக்குத் தெரிந்தது கறள்தான்.

"அப்ப வேண்டாமெண்டுறீங்களோ?"

பயமாகத்தான் இருந்தது. ஆனால் என்னைப் பார்க்க வந்தவர்களில் தன் குறையைத் தன் வாயால் சொன்ன ஒரே ஆள் இவர்.

"வேண்டாமெண்டு நான் சொல்லேல்லையே," என்றேன். அந்தச் சந்தோஷத்தில் அப்பா மூன்றாவது லட்டையும் வாயில் போட்டுவிட்டார்.

போன மாதம் வெளிநாட்டிலிருந்து மூத்த மகள் போன் எடுத்தாள். இரத்தத்தில் சீனி பார்த்த அவளுடைய பரிசோதனை முடிவு வந்திருந்தது. "அம்மா, சீதனம் வந்து சேர்ந்திட்டுது," என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"என்னை மன்னிச்சுக்கொள் பிள்ளை. தெரிஞ்சுகொண்டுதான் கட்டினனான்."

"விசர்க்கதை கதையாதேங்கோ. அண்டைக்கு நீங்கள் மாட்டன் எண்டிருந்தால், இப்ப உங்களோட கதைக்க நான் எங்க?"