நான் மாற்றிய குரல்

என் காதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அதை மறைத்துப் பேசும் பழக்கமும் எனக்கு இல்லை. பிறவியிலேயே பார்வை இல்லாதவள் நான். கிருமாம்பாக்கம் நிறுத்தத்தில் கடலூர் பஸ் வந்து நிற்கும்போது, அது அரசு வண்டியா தனியார் வண்டியா என்று பிரேக் சத்தத்திலேயே சொல்லிவிடுவேன். கல்லூரி இரண்டாமாண்டில் ஆறு பாகம் கொண்ட ஒரு பாட்காஸ்ட் தொடர் செய்யச் சொன்னபோது, "சத்தம்னா அது என் ஏரியா" என்று வகுப்பில் எழுந்து நின்றே சொன்னேன். கண் தெரியாமலோ காது கேட்காமலோ வாழ்கிறவர்களின் அன்றாடம்தான் தொடரின் பொருள். அதைத் தேர்ந்தெடுத்ததும் நான்தான்.

என்னோடு சேர்ந்தவள் வகுப்புத் தோழி, மணப்பட்டுக்காரி. அவளுக்கு இரண்டு காதும் கேட்காது. கருவி மாட்டினால் ஏதோ இரைச்சல் வரும், கடற்கரைக் காற்றில் அதுவும் உதவாது என்பாள். கண் தெரியாதவளும் காது கேட்காதவளும் சேர்ந்து பாட்காஸ்ட் செய்யப் போகிறார்கள் என்றதும் வகுப்பே சிரித்தது. எங்களுக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் பின்வாங்கவில்லை.

நான் பேசுவது அவள் போனில் எழுத்தாக ஓடும். எதிரே உட்கார்ந்திருந்தால் என் உதட்டைப் பார்த்தே பாதியைப் பிடித்துவிடுவாள். அவள் வாயால்தான் பேசுவாள், சிறு வயதில் பயிற்சி எடுத்துக் கற்ற பேச்சு. மூக்கிலும் தொண்டையிலுமாகக் கலந்து, சில எழுத்துகள் காணாமல் போய், சில எழுத்துகள் இழுபட்டு வரும். பேசும்போது கையும் சேர்ந்து பேசும், மேசையில் அடிக்கடி தட்டும். பழக எனக்கு ஒரு வாரம் ஆனது. அதற்கப்புறம் அது வெறுமனே அவள் குரல், அவ்வளவுதான். இங்கே அவள் பேச்சை மற்றவர்கள் பேச்சைப் போலவேதான் எழுதுகிறேன். அச்சில் எல்லோருக்கும் ஒரே உச்சரிப்பு.

எங்கள் ஒலிப்பதிவுக் கூடம் என்பது விளையாட்டுச் சாமான்கள் போடும் அறை. சுவரில் சாய்த்து வைத்திருந்த தடித்த பாய்கள் எதிரொலியை விழுங்கிவிடும். ரப்பர் நாற்றம் மட்டும் தலைவலி. அங்கேதான் எங்களுக்கென்று ஒரு வேலைமுறை உருவானது. பதிவான ஒலி மடிக்கணினித் திரையில் அலை அலையாகத் தெரியுமாம், அவள் அதைக் கண்ணால் படிப்பாள். இருமல் எது, பஸ் ஹாரன் எது, நான் மைக்கில் மூச்சு விட்டது எது என்று ஒரு வாரத்திலேயே சொல்ல ஆரம்பித்துவிட்டாள். என் சிரிப்பு, கயிற்றில் கருவாடு காயப் போட்ட மாதிரி இருக்குமாம். நான் காதால் கேட்டு, வெட்ட வேண்டிய இடம் வந்ததும் அவள் மணிக்கட்டில் ஒரு தட்டு தட்டுவேன், அவள் அந்த இடத்தில் வெட்டுவாள். ஒரு பாகத்தை நாங்கள் முடிக்கும் நேரத்தில் மற்றவர்கள் மைக்கைத்தான் தேடிக்கொண்டிருப்பார்கள்.

முதல் பாகம் என்னுடையது. கடைக்காரர் என்னைக் கேட்காமல், கூட வந்தவரிடம் "இவங்களுக்கு இன்னா வேணுமாம்?" என்று கேட்பதைப் பற்றிப் பத்து நிமிடம் பொரிந்து தள்ளியிருந்தேன். எனக்கு வாய் இல்லையா, என் செருப்பு அளவு எனக்குத் தெரியாதா என்றெல்லாம் கேட்டிருந்தேன். நல்ல பெயர் வந்தது. நான்காம் பாகத்தில் அவள் பேச வேண்டும் என்று கேட்டபோது இரண்டு நாள் யோசித்தாள். பள்ளியில் யாரோ அவளைப் போலப் பேசிக் காட்டிச் சிரித்த நாளிலிருந்து வெளியாட்கள் முன்னால் அவள் வாயைத் திறப்பதில்லை. கடைசியில் ஒத்துக்கொண்டதற்கு ஒரே காரணம் சொன்னாள்.

"எங்க அம்மா ஒரு தடவயாவது நான் பேசி முடிக்கிற வரைக்கும் கேக்கணும். நேர்ல நடக்காது. ரேடியோ மாதிரி வந்தா குறுக்க பேச முடியாதில்ல?"

பதினோரு நிமிடம் பேசினாள். அந்த ஒலியை நான் வீட்டுக்கு எடுத்துப் போனேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கேட்டுப் பார்த்துவிட்டு, இது யாருக்கும் புரியப் போவதில்லை என்று நானே முடிவு செய்தேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதலாமாண்டில் ஒரு பெண் இருந்தாள், செய்தி வாசிப்பது போன்ற கணீர்க் குரல். அவளை வைத்து அத்தனையையும் எழுத்து மாறாமல் வாசிக்கச் செய்தேன். ஆரம்பத்தில் என் தோழியின் குரல் இரண்டு விநாடி கேட்டு மங்கிப் போகும், மேலே இந்தப் பெண்ணின் குரல் ஏறும். தொலைக்காட்சியில் வெளிநாட்டுத் தலைவர்கள் பேசும்போது செய்வார்களே, அதே மாதிரி. கேட்க அவ்வளவு சுத்தமாக இருந்தது. நானே என் முதுகில் தட்டிக்கொள்ளாத குறை.

அவள் கண்டுபிடிப்பாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. காது கேட்காதவளுக்கு எப்படித் தெரியும் என்று என் மனசின் ஏதோ மூலையில் இருந்திருக்கிறது. அலைகளைப் படிக்கிறவள் என்பதை, தினமும் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நானே மறந்துவிட்டேன்.

திங்கட்கிழமை அந்த அறையில் அவள் கோப்பைத் திறந்தாள். கொஞ்ச நேரம் மவுஸ் உருளும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"இது யாரு?" என்றாள்.

"நீ சொன்ன வார்த்ததான்டி. ஒரு எழுத்து மாத்தல."

"வார்த்தய கேக்கல. இது யாரு? நான் மூச்சு வாங்கற எடம் எதுவும் இல்ல. மேசைல அடிச்சது இல்ல. நாத்து நட்ட மாதிரி வரிசயா இருக்குது. இது நான் இல்ல."

மழுப்ப முடியாது என்று தெரிந்ததும் எனக்குக் கோபம் வந்தது. தப்புச் செய்தவளுக்குத்தான் முதலில் கோபம் வரும். "உன் பேச்சு கேக்கறவங்களுக்குப் புரியாதுடி. முப்பது செகண்டுல மூடிட்டுப் போய்டுவாங்க. உன் நல்லதுக்குத்தான் செஞ்சேன்" என்றேன்.

"உனக்குப் புரிய எத்தினி நாளு ஆச்சு?"

"ஒரு வாரம்."

"அவங்களுக்கும் ஒரு வாரம் ஆவட்டும். இன்னா இப்போ?" மேசையில் ஓங்கி ஒரு அடி. "உன் எபிசோட்ல இன்னா சொன்ன? உன்ன உட்டுட்டுப் பக்கத்துல இருக்கறவங்கள கேக்கறாங்கன்னு சொன்னியா இல்லியா? நீ இன்னா பண்ண? எங்க அம்மா பண்றததான நீயும் பண்ண? என் ஆடியோவ அழிச்சிடு. நான் பேசல."

அவள் கதவைச் சாத்திய வேகம் அவளுக்குக் கேட்டிருக்காது. எனக்கு நன்றாகவே கேட்டது.

மூன்று நாள் அவள் கல்லூரிக்கு வரவில்லை. சமர்ப்பிக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஆனால் என்னை அரித்தது அது இல்லை. வெளியாட்களிடம் வாயைத் திறக்க இத்தனை வருஷம் கழித்துத் துணிந்தவளின் வாயை நான் மூடிவிட்டேன். இனி அவள் பேசாமலே போனால் அது என்னால்தான். இரண்டாம் நாள் பஸ்ஸில் இயர்போனை மாட்டி, அந்தப் பதினோரு நிமிடத்தையும் முதல் தடவையாக நடுவில் நிறுத்தாமல் கேட்டேன்.

அவள் பேசியிருந்தது கைவிட்டுப் போன ஒரு வேலையைப் பற்றி, சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் இரண்டு மாத விடுமுறை வேலை. தயாரான பொருளில் கீறல், பழுது இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துப் பிரிக்க வேண்டும். அவள் கண்ணுக்கு அது விளையாட்டு. தேர்வு செய்ய வந்தவர்கள் இவளைக் கேட்டார்கள், இவள் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொல்லிவிட்டார், "அவளுக்கு இஷ்டமில்ல சார்." அதற்கடுத்து என் தோழி சொல்கிறாள்: "எனக்கு இஷ்டம் இருந்துது. எங்க அம்மா நல்லவங்க. நான் பாதி சொல்றதுக்குள்ள மீதிய அவங்க சொல்லிடுவாங்க. ஆனா பாதி தடவ அது நான் சொல்ல வந்தது இல்ல." அந்த இடத்தில் மேசையில் ஒரு தட்டு விழுகிறது. அந்தத் தட்டு இல்லாமல் அந்த வாக்கியமே இல்லை. கணீர்க் குரலுக்கு அது எங்கே வரும்? பஸ்ஸிலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது.

கிருமாம்பாக்கத்தில் இறங்கினால் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் மீன்காரம்மா கூவிக்கொண்டிருந்தார். அவர் பாதி எழுத்தை முழுங்கித்தான் கூவுவார். ஆனால் சங்கராவா காரப்பொடியா என்று இந்தப் பக்கத்தில் யாருக்கும் சந்தேகம் வந்ததே இல்லை. தெரிந்த பெயர் என்றால் காது தானாகப் பிடித்துக்கொள்கிறது. அங்கேயே நின்றுவிட்டேன். கேட்கிறவர்களின் காதை முதலில் பழக்க வேண்டும், பேச்சை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். என் மூளை சில சமயம் நன்றாகவே வேலை செய்யும்.

மறுநாள் மதியம் மணப்பட்டுக்குப் போனேன். வாசலில் அவள் அம்மாதான் நின்றார். "அவ தூங்கறாம்மா. ஒடம்பு சரியில்ல. நாளிக்கு வருவா" என்றார்.

"நான் தூங்கல" என்றது பின்னாலிருந்து அவள் குரல். அம்மா சொன்னது அவள் போனில் எழுத்தாக ஓடியிருக்க வேண்டும்.

குரல் வந்த பக்கம் திரும்பி, "தப்புடி. முழுக்க என் தப்பு" என்றேன். அம்மா எதையோ சொல்லி எங்களைச் சமாதானம் செய்யப் பார்த்தார். நான் விடாமல் அவளிடமே பேசினேன். முதல் இரண்டு நிமிடம் அவள் வெறும் மீன் பெயர் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பெயரும் இரண்டு தடவை, நடுவில் கேட்கிறவர்கள் கண்டுபிடிக்க இடைவெளி. பத்து மீன் முடிவதற்குள் அவள் எழுத்துகள் எங்கே விழும், எங்கே இழுபடும் என்று காதுக்குத் தெரிந்துவிடும். பிறகு அந்தப் பதினோரு நிமிடம், தட்டு, மூச்சு, எல்லாவற்றோடும் அப்படியே.

கதவுச் சட்டத்தில் அவள் விரல் தட்டிக்கொண்டே இருந்தது. கடைசியில், "சரி. ஆனா நடுவுல நீ வாயத் தெறக்கக் கூடாது. விளக்கம் குடுக்கக் கூடாது" என்றாள்.

"தெறக்க மாட்டேன்."

"பாக்கறேன்" என்றாள்.

பாகம் வெளிவந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர்கள் வீட்டு முன்னாலேயே போட்டோம். கவிழ்த்து வைத்த மீன் கூடை மேல் சின்ன ஸ்பீக்கர். அம்மாவும், பக்கத்து வீட்டு அக்காவும், இன்னும் நாலைந்து பேரும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். என் தோழி ஒரு கையால் போனில் அலை ஓடுவதைப் பார்த்துக்கொண்டு, மறு கையால் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள்.

முதல் பெயர் யாருக்கும் பிடிபடவில்லை. இரண்டாவதிலும் தயக்கம். மூன்றாவதில் பக்கத்து வீட்டு அக்கா, "யே, கெழங்கா மீன்டி அது!" என்று கத்தினார். அதற்கப்புறம் ஒரே ரகளை. வஞ்சரம் என்றார்கள், இல்லை பாறை என்றார்கள், நெத்திலிக்குப் போட்டி போட்டார்கள். பத்தாவது மீனில் பெயர் முடிவதற்குள்ளேயே எல்லோரும் சேர்ந்து சொல்லிவிட்டார்கள். என் கணக்கு பலித்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகு அவள் பேச ஆரம்பித்தாள். சத்தம் அடங்கியது. தொழிற்சாலை வந்தது, வந்தவர்கள் கேட்டது வந்தது. என் மணிக்கட்டில் அவள் பிடி இறுகியதிலிருந்து, அம்மாவைப் பற்றிச் சொல்லும் இடம் நெருங்குகிறது என்று அவளுக்கும் தெரிகிறது என்று புரிந்தது. "பாதி தடவ அது நான் சொல்ல வந்தது இல்ல." மேசையில் தட்டு. அம்மா உட்கார்ந்திருந்த நாற்காலி லேசாகக் கிரீச்சிட்டது. கடைசி வரை அவர் குறுக்கே பேசவில்லை.

ஸ்பீக்கர் ஓய்ந்தது. பக்கத்து வீட்டு அக்காதான் முதலில் பேசினார், பழக்கதோஷத்தில் அம்மாவிடம். "அப்ப இன்னாக்கா, பொண்ணு சேதராப்பட்டு வேலைக்குப் போவுதா?"

அம்மா மூச்சை இழுப்பது எனக்குக் கேட்டது. அவ்வளவுதான், சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"என்ன ஏன் கேக்கற?" என்றார் அம்மா. "அவ எதிர்லதான குந்தினு இருக்கா. அவள கேளு."

நாற்காலி ஒன்று மணலில் திரும்பியது. "போறியாம்மா?" என்று அக்கா ஊருக்கே கேட்கும்படி கத்தினார்.

"அடுத்த லீவுக்குப் போறேன். அப்ளிகேசன் போட்டாச்சு" என்றாள் அவள். போட்ட விஷயம் எனக்கே தெரியாது.

"இன்னா? புரியலியே?"

அவள் சொன்னது என் நாக்கு நுனியில் வந்து நின்றது. பல்லால் கடித்துக்கொண்டேன். அவள் முழங்காலில் தட்டி, அவசரப்படாமல், இன்னொரு தடவை சொன்னாள்.

"போட்டாச்சா? யாரயும் கேக்காமயா?" அக்காவுக்கு ஆவேசம் வந்துவிட்டது. "ரெண்டு பஸ்ஸு மாறணும்டி. ஆரன் அடிச்சா கூட உனக்குத் தெரியாது!"

"பஸ்ஸு கண்ணுக்குத் தெரியும்க்கா. நீதான் போன வாரம் பஸ்ஸ பாக்காம வுட்டுட்ட."

கூட்டம் சிரித்தது. அக்கா விடவில்லை, அவளும் விடவில்லை. கால் மணி நேரம் இரண்டு பேரும் நேருக்கு நேர் சண்டை போட்டார்கள். அம்மாவும் நானும் வாயே திறக்கவில்லை.